முந்தானை முடிச்சும் சாரணர் முடிச்சும்

மறக்கக் கூடாத விஷயம் என்றால் நம் பாட்டிமார்கள் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவார்கள் இல்லையா? சாரணர்களிடமும் அப்படி ஒரு முடிச்சு உண்டு.

1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சிறுவர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார். கூடாரம், திறந்தவெளிச் சமையல், கயிற்று முடிச்சு, எல்லாம் உண்டு. மறுவருடம் வந்த அவருடைய புத்தகம் கேட்டதோ சின்ன முடிச்சுதான். கழுத்துத் துணியில் தினம் ஒரு முடிச்சு. எதற்கு? இன்று ஒருவருக்காவது உதவ வேண்டும் என்று நினைவூட்ட.

பெரிய உதவி வேண்டாம். ஒரு பெரியவர் சாலையைக் கடக்கத் துணை போனாலே போதும்.

அந்தத் துணியும் லேசுப்பட்டதல்ல. விரித்தால் முக்கோணம். கை முறிந்தவருக்குத் தூளி கட்டிவிடலாம். பாட்டியின் முந்தானையில் முடிச்சோடு சில்லறையும் இருக்கும், அது வேறு கதை!