காடு பொதுச்சொத்து, வாசல் யார் கையில்?

(வன உரிமை ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வுக்கு எனக்குத் தரப்பட்டுள்ள பொருள் ‘பொது நிலமும் வேட்டையும்’ என்பதாகும். நிலப்பட்டா பற்றியோ, இலுப்பைப் பூவுக்கும் பீடி இலைக்கும் கட்டுப்படியான விலை பற்றியோ பேசும்போது நமக்குள் கருத்து வேறுபாடு எழுவதில்லை. வேட்டை என்று வந்ததும் நமது குரல் தாழ்ந்து விடுகிறது. ஆகவேதான் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது.

2018 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் லால்கர் பகுதிக் காட்டில் ஒரு புலி காயங்களுடன் இறந்து கிடந்தது. அது வேட்டைத் திருவிழாக் காலம். வேட்டைக்குச் சென்றவர்களே அதைக் கொன்றிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. உடனே, பழங்குடி மக்களைக் காட்டிலிருந்து விலக்கினால்தான் வனவிலங்குகள் பிழைக்கும் என்ற கூக்குரல் எழுந்தது. இத்தகைய நேரங்களில் நம்மிடையே இரண்டு பதில்கள் கேட்கின்றன. ‘இது அம்மக்களின் பண்பாட்டு உரிமை, நாம் தலையிடக் கூடாது’ என்பது ஒன்று. ‘சட்டப்படி இது குற்றம், இதில் நமக்கு வேலை இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டுமே போதாதவை. பொது நிலத்துக்குள் யார் நுழையலாம், எத்தனை பேர் நுழையலாம், எதற்காக நுழையலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை இரண்டு பதில்களும் தொடுவதே இல்லை.

அனுமதிச் சீட்டும் குற்றப் பத்திரிகையும்

1842இல் ‘ரைனிஷ் ஸைட்டுங்’ ஏட்டில் இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகளில் ஒரு தொகுதி, காட்டில் விழுந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கும் சட்டத்தைப் பற்றியதாகும். பொருளாதாரப் பிரச்சனைகளின் பக்கம் தன்னை முதலில் திருப்பியவற்றுள் அந்த விவாதமும் ஒன்று என்று அவரே 1859இல் குறிப்பிட்டார். மரபுரிமையைக் குற்றமாக மாற்றுவதும், அதே பொருளைப் பணம் படைத்தவருக்கு உரிமையாக்குவதும் ஒரே நடவடிக்கையின் இரண்டு பக்கங்கள். பிரஷ்யாவில் நடந்தது இந்தியாவில் பன்மடங்கு பெரிய அளவில் நடந்தது.

1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காடுகளை அரசுடைமையாக்கின. காப்புக் காட்டுக்குள் வேட்டையாடுவதும், மீன் பிடிப்பதும், கண்ணி வைப்பதும் விதிகளை மீறிய குற்றங்களாயின. வேட்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. மத்திய மாகாணம் போன்ற இடங்களில் காடுகள் வேட்டை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, அனுமதிச் சீட்டின் பேரில் வெள்ளை அதிகாரிகளுக்கும் அவர்களின் விருந்தினர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. துப்பாக்கியால் சுடுவது வீர விளையாட்டு எனப்பட்டது. வலையும் கண்ணியும் வைத்து உணவு தேடுவது திருட்டு எனப்பட்டது. எந்தக் காட்டில் நுழைந்தால் குற்றவாளியோ, அதே காட்டில் துரைமாருக்காக விலங்குகளை விரட்டிக் கொடுக்கும் கூலியாளாக நுழைய மட்டும் பழங்குடி மனிதருக்கு அனுமதி இருந்தது. மண்டலா மாவட்டத்தில் பைகா மக்களின் காட்டெரிப்பு வேளாண்மையை ஒடுக்கி, 1890இல் ‘பைகா சக்’ என்ற சிறு எல்லைக்குள் அதை அடக்கினார்கள். பரந்த காட்டில் நடமாடிய மக்களை ஒரு மூலையில் நெருக்கியடித்தது அரசின் ஆணை.

நாடு விடுதலை அடைந்த பிறகும் இந்த ஏற்பாடு உடனே மாறிவிடவில்லை. 1950களிலும் 60களிலும் வேட்டை நிறுவனங்கள் அந்நியச் செலாவணியின் பெயரால் வெளிநாட்டுச் செல்வந்தர்களை அழைத்து வந்து புலி வேட்டை நடத்தின. 1970இல்தான் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் எடுத்த கணக்கில் நாட்டில் 1,827 புலிகளே இருந்தன. அவ்வாண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1973 ஏப்ரலில் 9 காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. இவை தேவையான நடவடிக்கைகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. நமது கேள்வி, இதன் சுமை யார் தலையில் இறக்கப்பட்டது என்பதுதான்.

சுட்டவர் ஒருவர், வெளியேறியவர் வேறொருவர்

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் 1947இல் மூன்று சிறுத்தைப் புலிகளை, அதாவது சீட்டாக்களைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியக் காடுகளில் அவைதான் கடைசியானவை என்று கருதப்படுகிறது. 1952இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் சகரியா பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். குஜராத்தின் கிர் காட்டிலிருந்து சிங்கங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தப் போவதாகச் சொல்லி, 1990களின் இறுதியில் தொடங்கி 24 கிராமங்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். பிசின் எடுத்த மரங்களும், கால்நடை மேய்ந்த புல்வெளியும், நீர்நிலைகளும் கைவிட்டுப் போயின. சிங்கங்களை அனுப்ப குஜராத் அரசு மறுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் சிங்கம் வரவில்லை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சீட்டாக்கள் வந்திறங்கின. பிரதமரே கூண்டைத் திறந்துவிட்டார். சீட்டாக்களைச் சுட்டு அழித்த மன்னர் குலங்கள் இழந்தது ஏதுமில்லை. துப்பாக்கியே ஏந்தாத சகரியாக்கள் ஊரை இழந்தார்கள்.

நெரிசல் எங்கிருந்து வருகிறது?

காட்டில் மனித நெரிசல் மிகுந்துவிட்டது, ஆகவே கிராமங்களை அகற்ற வேண்டும் என்கிறார்கள். இந்த வாதத்தை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2024 டிசம்பர் கடைசி நாளில் நாக்பூர் அருகே உம்ரேட்–கர்ஹண்ட்லா சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியையும் அதன் குட்டிகளையும் சுற்றுலா வாகனங்கள் இருபுறமும் வழிமறித்து நின்றன. காணொளி வெளியானதும் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. புலிக்கு வழிவிடாத அந்த நெரிசலை உண்டாக்கியது எந்தக் கிராமம்? புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரிலேயே தடை நீங்கியது. மையப் பரப்பில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்குப் பயன்படுத்த வழிகாட்டு நெறிகள் இடம் கொடுத்தன. ஆனால், அதே மையப் பகுதிகளில் 591 கிராமங்களைச் சேர்ந்த 64,801 குடும்பங்கள் இன்னும் இருப்பதாகக் கூறி, அவர்களை இடம் மாற்ற விரைந்து திட்டமிடுமாறு 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கட்டணம் செலுத்தி நுழைபவர் விருந்தினர். பிறந்து வளர்ந்தவர் ஆக்கிரமிப்பாளர்.

சுரங்கத்துக்கு வாசல் திறக்கும் வேகத்தையும் பாருங்கள். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரண்ய வட்டாரத்தில் உள்ள காட்பர்ரா கிராமத்துக்கு வழங்கப்பட்ட சமூக வன உரிமையை, நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தடையாக இருக்கிறது என்று கூறி 2016 ஜனவரியில் ரத்து செய்தார்கள். காடு இவ்வாறு ஒருபுறம் சுரங்கத்துக்கும், மறுபுறம் வேலியிட்ட காப்பகத்துக்கும் போய்விட்டால் மிஞ்சுவது ஓரக்காடு. வெளியேற்றப்பட்ட கிராமமும் ஏற்கெனவே அங்கிருந்த கிராமமும் அந்த ஓரக்காட்டில்தான் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இலுப்பைப் பூவுக்கும் மோத வேண்டியுள்ளது. ஏழைக்கும் ஏழைக்கும் இடையே பகை மூள்கிறது. இந்த நெரிசல் உண்மையானது, தோழர்களே. மக்கள்தொகையை மட்டும் காரணம் காட்டி இதை விளக்க முடியாது. விலை கொடுப்பவருக்கு அகலத் திறந்தும், மற்றவருக்கு அடைத்தும் வைக்கப்பட்ட வாசலின் விளைவு இது.

சட்டம் மறுத்ததும் தந்ததும்

இடதுசாரிகளும் ஜனநாயக இயக்கங்களும் போராடிப் பெற்ற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேட்டை உரிமையைத் தரவில்லை. அதன் 3ஆம் பிரிவு, மரபு வழியில் அனுபவித்த பிற உரிமைகளை அங்கீகரிக்கும் இடத்தில் வேட்டையையும் கண்ணி வைப்பதையும் வெளிப்படையாக விலக்குகிறது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடி மக்களுக்கு வழங்கப்பட்ட வேட்டை உரிமைக்கு மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. இதை மறைத்து மக்களிடம் பேசுவது நேர்மையாகாது.

அதே சமயம், வேட்டை உரிமையைக் காட்டிலும் பெரிய ஒன்றை அச்சட்டம் தந்துள்ளது. மீன் முதலான நீர்நிலைப் பொருட்கள், மேய்ச்சல், சிறு வன மகசூல் ஆகியவற்றின் மீதான உரிமைகளோடு, சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தந்தது. அதன் 5ஆம் பிரிவு, சமூக வன வளத்துக்குள் நுழைவதை முறைப்படுத்தவும், வனவிலங்குக்கும் காட்டுக்கும் கேடு விளைவிக்கும் செயல்களைத் தடுக்கவும் கிராம சபை எடுக்கும் முடிவை நிறைவேற்றும் அதிகாரத்தை அளிக்கிறது. வாசலின் சாவி கிராம சபையின் கையில் என்று நாடாளுமன்றமே சொல்லியிருக்கிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா லேகா கிராமம் 2009இல் சமூக வன உரிமையைப் பெற்று, 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்றது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் சோலிகர்களின் கிராம சபைகள் 2011இல் சமூக உரிமைகளைப் பெற்றன. நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன. புலியும் மலையும் காப்பாற்றப்பட வேண்டுமானால் அங்கு வாழ்பவரை அகற்ற வேண்டும் என்ற வாதத்துக்கு இவை பதிலாக நிற்கின்றன.

வேட்டைத் திருவிழா குறித்து

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். சந்தால் மக்களின் வைகாசிப் பௌர்ணமி வேட்டை வெறும் இறைச்சிக்கான பயணமாக இருந்ததில்லை. புருலியாவின் அயோத்தியா மலையில் அன்றிரவு கூடும் ‘லோ பீர்’ அவை, பல ஊர்களின் வழக்குகளைத் தீர்க்கும் உச்ச மன்றமாக விளங்கியது. ஓராவோன் பெண்கள் ஆண்வேடமிட்டு வில்லேந்திச் செல்லும் ஜனி சிகார், ரோஹ்தாஸ்கட் கோட்டையைப் பெண்கள் காத்த நினைவோடு இணைந்தது. ஒரு மக்களின் சுயாட்சி மரபு இதில் உள்ளது. 2019இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சடங்கின் பெயரால் வனவிலங்குகளைக் கொல்வதைத் தடுக்க ஆணையிட்டபோது, காவல்துறையின் கண்ணுக்கு இந்த மரபு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எனினும், துண்டு துண்டாகிவிட்ட சால மரக் காட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் நுழையும்போது முயலும் பன்றியும் பறவையும் தாங்காது என்பதும் உண்மை. ரயிலிலும் லாரியிலும் வந்திறங்குவோரில் பலருக்கு அந்தக் காட்டோடு எந்த உறவும் இல்லை. அவர்கள் போன பிறகு, வெறுமையான காட்டோடும் வனத்துறையின் வழக்கோடும் வாழ வேண்டியவர்கள் உள்ளூர் மக்களே.

ஆகவே நமது நிலை இதுவாக இருக்க வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைக் கொல்வதற்கான தடையை நாம் ஆதரிக்கிறோம். அவை, வழிபாடு, கூத்து, வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றுக்காகக் காட்டில் கூடும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். உயிர்க்கொலையைக் குறைப்பதும், வெளியாரின் கூட்டத்தைத் தடுப்பதும் சமூகப் பெரியவர்களும் கிராம சபையும் எடுக்கும் முடிவாக வர வேண்டும். தடியடியால் அது நடக்காது. தான் ஆளும் காட்டை எவரும் வீணே அழிப்பதில்லை. தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட காட்டைக் காக்கும்படி எவரிடமும் கேட்க முடியாது.

இன்னொன்று. பயிரை அழிக்கும் விலங்குகளின் சிக்கலையும் நாம் கையிலெடுக்க வேண்டும். 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் நீலான்கள் தீங்குயிரிகள் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், வெளியிலிருந்து வந்த தொழில்முறைத் துப்பாக்கிக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றனர். அரசு விரும்பினால் அதுவும் சட்டபூர்வம். பயிரிழந்த விவசாயிக்கு உரிய காலத்தில் முழு இழப்பீடு கொடுத்திருந்தால் அந்தக் காட்சி தேவைப்பட்டிருக்குமா?

நமது பணிகள்

முதலாவது, நமது ஒவ்வொரு வனக் கிராமத்திலும் சமூக வன வள உரிமைக் கோரிக்கை தாக்கல் செய்யப்பட்டுள்ளதா என்று கணக்கெடுங்கள். தனிநபர் பட்டாவோடு நின்றுவிட்டால் வாசல் வனத்துறையிடமே இருக்கும். இரண்டாவது, புலிகள் காப்பகங்களில் உரிமைகளை அங்கீகரிக்காமலும் கிராம சபையின் இசைவு இல்லாமலும் இடமாற்றம் செய்யக் கூடாது என்பதே சட்டம். குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற தொகையைக் காட்டி வாங்கும் கையெழுத்து, உரிமையை அங்கீகரிக்காத வரை இசைவு ஆகாது. இதை வீடு வீடாகச் சொல்லுங்கள். மூன்றாவது, 5ஆம் பிரிவின்படி காட்டுக் காவல் குழுக்களை அமையுங்கள். சுற்றுலா வாகனம், மரக்கடத்தல், வெளியார் வேட்டை ஆகிய மூன்றுக்கும் எல்லை வகுக்கும் தீர்மானங்களைக் கிராம சபையில் நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்தைத் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள மக்களைத் தயார் செய்யுங்கள். கடினமான பணி அதுதான்.

2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின்னணியில் பிப்ரவரி 28 அன்று அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இடைப்பட்ட 15 நாட்களில் நாம் தெருவில் நின்றோம். நிறுத்திவைக்கப்பட்ட ஆணை மீண்டும் உயிர்பெறலாம். அன்று தெருவில் நிற்க நேரம் கிடைக்காமல் போகலாம். ஆகவே கிராம சபைகளை இன்றே கட்டுங்கள்.