காஞ்சிபுரம்: தறியும் தலைக்கட்டும்



காஞ்சிபுரம் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கோயில் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்குக் கல்யாணச் சேலை. இன்று இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஊர் எந்த மண்ணில் இருக்கிறது, அதில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எந்தத் தெருவில் யார், ஏன் என்று பார்ப்போம். பார்த்துக்கொண்டே போனால் கோயிலும் சேலையும் தாமாகவே வந்துவிடும்.

சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று பெங்களூரு நெடுஞ்சாலையில் போய், பொன்னேரிக்கரையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வழி நெடுகச் சமவெளி. ஊரே கடல் மட்டத்திலிருந்து 83 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மலை கிடையாது. தொலைவிலிருந்து கண்ணில் படும் உயரம் என்றால் அது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம்தான். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது; ஏறத்தாழ 190 அடி.

ஊரை ஒட்டி ஓடுவது வேகவதி. அதற்கும் தெற்கே பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வேலூர் வழியாக வருகிற ஆறு. வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கலக்கும் இடத்துக்குத் திருமுக்கூடல் என்று பெயர். கலக்கும் என்று சொல்கிறேனே தவிர, ஆண்டில் பல மாதங்கள் அங்கே மணல்தான் இருக்கும். ஆனால் அந்த மணலை இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். அதற்கடியில் ஊறும் தண்ணீர்தான் காஞ்சிக்குக் குடிநீர். பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களும் பாலாற்றுத் தண்ணீரில்தான் நிறம் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். வறண்டே கிடக்கும் ஆறு என்று மறந்துபோயிருந்த வேளையில், 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளம் வந்தது. வேகவதிக் கரையில் வீடு கட்டியிருந்தவர்களுக்கு, ஆற்றின் உண்மையான அகலம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி நினைத்தால் வருகிற ஆற்றை நம்பி விவசாயம் செய்ய முடியுமா? அதனால்தான் இந்தப் பகுதியில் மழைநீரை ஏரியில் தேக்கினார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தென்னேரி போன்ற ஏரிகள் நிரம்பும். நிரம்பினால் கீழே வயல் விளையும்.

இனி ஊருக்குள் போவோம். காஞ்சிபுரம் ஒரே ஊராக வளர்ந்ததில்லை. வடமேற்கில் பெரிய காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர், கச்சபேஸ்வரர் என்று சிவன் கோயில்கள் மிகுந்த பகுதி. நடுவில் காமாட்சி அம்மன். ஊர்ச் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னதி இல்லை, எல்லாவற்றுக்கும் காமாட்சிதான் அம்மன் என்பது ஊர் வழக்கம். தென்கிழக்கில் சின்ன காஞ்சிபுரம். அங்கே வரதராஜப் பெருமாள். வேகவதியைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம், சமணக் காஞ்சி. நான்காவதாக ஒரு பௌத்தக் காஞ்சியும் இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் இருந்ததாக எழுதி வைத்தார். காஞ்சி மக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தலைக்கணக்குகளில் அது ஒன்று. அந்தப் பிக்குகளுக்கு இன்று இங்கே ஒரு தெருகூட இல்லை.

கோயிலைச் சுற்றி மாட வீதிகள், அதைச் சுற்றி கடைத்தெரு, அதற்கும் வெளியே நெசவுத் தெருக்கள். கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளையார்பாளையம் வரும். காலையில் போய்ப் பாருங்கள். தெருக்கள் நேராக, நீளமாக இருக்கும். அதற்குக் காரணம் பாவு. மூன்று நான்கு சேலைக்கு வேண்டிய நீளத்தில் பட்டு இழைகளைத் தெருவில் நீட்டிக் கட்டி, பிரித்து, ஒழுங்குபண்ணித்தான் தறிக்கு ஏற்றுவார்கள். தெரு வளைந்திருந்தால் பாவு நீளாது. வீடுகளும் அப்படித்தான்; முகப்பு குறுகல், உள்ளே ஆழம். நடுக்கூடத்தில் தரையில் குழி, குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்யும் தறி. தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும்.

இங்கே ஒரு தறி என்பது ஒரு குடும்பம். சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, இரண்டும் பிரியாதபடி பின்னிக்கொள்வதுதான் கோர்வை. அதற்கு ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும், ஒருவரால் ஆகாது. நெய்கிறவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தி வேறு நிறமானால் புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாக இணைக்க வேண்டும். வீட்டில் வேறொருவர் நாடாவுக்குள் வைக்கும் தார் சுற்ற வேண்டும். பட்டு வருவது கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. காஞ்சிபுரம் தருவது இந்தக் கைகளைத்தான். 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பாதுகாக்கப்பட்டதும் இந்தக் கைவேலையின் பெயர்தான். ஒரு காலத்தில் கரை நாடா தள்ளியது வீட்டுப் பிள்ளைகள். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அந்த இடத்தில் உட்கார ஆள் கிடைப்பது அரிது. அதனால் பல தறிகளில் இன்று கணவர் நெய்ய, மனைவி கரை நாடா தள்ளுகிறார்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 1866இல் நகராட்சியான ஊர் இது. 1901 கணக்கெடுப்பில் மக்கள் 46 ஆயிரம் சொச்சம். நூறு ஆண்டு கழித்து 2001இல் 1 லட்சத்து 53 ஆயிரம். 2011இல் 1 லட்சத்து 64 ஆயிரம். அதாவது பத்தாண்டில் ஏறியது வெறும் 11 ஆயிரம், நூற்றுக்கு ஏழு. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 29 லட்சத்திலிருந்து 40 லட்சத்தைத் தொட்டது, நூற்றுக்கு முப்பத்தொன்பது. மாவட்டம் ஓடியது, அதன் தலைநகரம் நடந்தது!

ஏன்? ஒன்று, இடம். பழைய நகராட்சியின் பரப்பு 11.6 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 14 ஆயிரம் பேர் என்றால் இனி எங்கே வீடு கட்டுவது? இரண்டு, வேலை. தாம்பரம், பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்கள் அன்று இதே மாவட்டத்தில் இருந்தன. கூட்டம் அங்கே குவிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது 1990களில். அதன் பின் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்பேட்டைகளாயின. நெசவாளர் வீட்டுப் பையன் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறான். மாதம் முதல் தேதி சம்பளம். தறியில் சேலை முடிந்து, கொடுத்த பிறகுதான் கூலி. அவனைக் குறை சொல்ல முடியுமா? அவன் ஊரிலேயே உறங்குவதால் மக்கள்தொகைக் கணக்கில் குறைவு தெரியாது. தறிக்குத்தான் ஓர் ஆள் குறைகிறது.

உறங்குகிறவர்களை மட்டும் எண்ணினால் இந்த ஊருக்குப் போதாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் 48 நாள், வரதராஜர் கோயில் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்திமரச் சிலையான அத்தி வரதர் வெளியே எழுந்தருளினார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. வந்தவர்கள் ஒரு கோடி என்று கணக்குச் சொன்னார்கள். இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் சாலையும் யாருக்காகத் திட்டமிடுவது என்ற கேள்வி அன்று கூர்மையாக எழுந்தது. முகூர்த்த மாதங்களில் சேலை வாங்க வரும் குடும்பங்களால் அதே கேள்வி சின்ன அளவில் வாராவாரம் எழுகிறது.

இதற்கிடையே எல்லைகளும் மாறின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. நகரத்தோடு 2011இலேயே செவிலிமேடு, ஓரிக்கை முதலான ஊர்கள் சேர்ந்து, பரப்பு மூன்று மடங்கானது. 2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆயிற்று, 51 வார்டுகள். ஆக மாவட்டம் சுருங்கியது, நகரம் விரிந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். காஞ்சிபுரத்தின் எண் அப்போது ஒரே தாவாகத் தாவும். ஊர் திடீரென்று பெருத்துவிட்டது என்று செய்தியும் வரலாம். ஆனால் 2011 கணக்கையே புதிய எல்லைக்குள் கூட்டிப் பார்த்தால் 2 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. எனவே எண்ணைக் கேட்பதற்கு முன் எல்லையைக் கேளுங்கள். பிறகு, பிள்ளையார்பாளையத்தில் எத்தனை தறிகளில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். காஞ்சிபுரம் வளர்ந்ததா தேய்ந்ததா என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும்.