தண்ணீரின் பெயரும் காற்றின் வேலையும்

கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து முழு உருவமாக வாங்கி வராமல், அதன் அங்கங்களைத் தனித்தனியே தேர்ந்து, தம் கையாலேயே கேபினெட்டுக்குள் பொருத்தி இயக்குகிற வழக்கம் இன்று பலரிடம் வளர்ந்திருக்கிறது; அவர்களுள்ளும் வேகத்தில் பிரியம் மிகுந்தவர்கள், பிராசசரின் உஷ்ணத்தைத் தண்ணீரால் தணிக்கும் முறையை விரும்பி மேற்கொள்கிறார்கள். அம்முறையை ஒரு கலையாகவே பாவித்து, அதில் எது சிறப்பு, எது குறை என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கலை தண்ணீரின் பெயரால் வழங்கினாலும், அமைத்தவரின் திறமை வெளிப்படுவது அவர் காற்றை நடத்தும் விதத்திலேதான்.

யந்திரத்தின் சூட்டைத் தண்ணீரிடம் ஒப்படைத்து, அந்தத் தண்ணீரைக் காற்றால் ஆற்றும் யோசனை கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முந்தியது. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நிபுணர் வில்ஹெல்ம் மைபாக், மெர்சிடிஸ் மோட்டார் வண்டிக்காக அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில், ஆறு மில்லிமீட்டர் சதுரமான 8,070 சிறு குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அவற்றின் ஊடே காற்றும் அவற்றைச் சுற்றித் தண்ணீரும் சென்றன. வண்டி மெல்லச் செல்கையில் காற்றின் வேகம் போதாதென்று அதன் பின்னால் ஒரு விசிறியும் வைக்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 3081 என்னும் பெரிய கம்ப்யூட்டர் 1980-இல் தண்ணீர்க் குளிர்ச்சியோடு அறிவிக்கப்பட்டது. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 வகைகளில் மிக வேகமானதற்கு இம்முறையைக் கைக்கொண்டது. இன்று கடையில் ஒரே தொகுதியாகக் கிடைக்கும் சாதனத்தில், பிராசசர் மேல் அமரும் செம்புத் தகடும், பம்பும், இரண்டு குழாய்களும், ரேடியேட்டரும் தண்ணீர் நிரப்பி மூடப்பட்டு வருகின்றன; ஆயினும் தண்ணீர் சுமந்து வருவதைக் காற்று வாங்கிச் செல்ல வேண்டும் என்ற அடிப்படை அன்று போலவே இருக்கிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இன்டெல் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கோர் ஐ9 13900கே பிராசசர், முழு வேகத்தில் 253 வாட் வரை மின்சாரத்தை உண்ணலாம் என்று அந்நிறுவனமே குறித்திருக்கிறது. உண்ட மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாகவே வெளிவர வேண்டும். நிமிஷத்திற்கு ஒரு லிட்டர் தண்ணீர் அதன் மேல் ஓடினால், தண்ணீரின் உஷ்ணநிலை ஒரு சுற்றில் நான்கு டிகிரி கூட ஏறுவதில்லை. ஏனெனில், ஒரே கன அளவில் ஒப்பிட்டால், தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு உஷ்ணத்தைத் தாங்கிக்கொள்ளும். அதே உஷ்ணத்தைக் காற்று பத்து டிகிரி மட்டுமே சூடேறி வெளியே கொண்டு செல்ல வேண்டுமானால், மணிக்கு சுமார் 75 கன மீட்டர் காற்று ரேடியேட்டரின் ஊடே புகுந்து போயாக வேண்டும். தண்ணீருக்கு எளிதாக இருக்கும் காரியம் காற்றுக்கு எவ்வளவு பெரும் பிரயாசை என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்தே உணரலாம். காற்று வரும் அறையின் உஷ்ணநிலைக்குக் கீழே தண்ணீர் ஒருநாளும் இறங்காது; ஆகவே சித்திரை, வைகாசி வெயிலில் 35 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு இதை அமைக்கும் நம்மவர்கள், குளிர் தேசத்தார் பெறும் எண்களைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

அடுத்தது விசிறியைத் தேர்வது. ரேடியேட்டரில் மெல்லிய அலுமினியத் தகடுகளோ செம்புத் தகடுகளோ மயிரிழை இடைவெளி விட்டு நெருங்கி நிற்பதால், காற்றைப் பரப்பிவிடும் விசிறி அங்கே தோற்றுப்போகும். கொல்லன் துருத்தியைப் போல அழுத்திச் செலுத்துவதே அங்கே வேண்டுவது. விசிறியின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: ஒன்று காற்றின் அளவு, மற்றொன்று அழுத்தம். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு மணிக்கு 102 கன மீட்டர் என்றும், 2.34 மில்லிமீட்டர் நீர் அழுத்தம் என்றும் குறித்திருக்கிறார்கள். ஆனால் இவ்விரண்டும் ஒரே க்ஷணத்தில் கிட்டுவன அல்ல என்பதை வாங்குகிறவர் பலர் கவனிப்பதில்லை. எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது முதல் எண். காற்றே நகராமல் முழுதும் அடைபட்டு நிற்கும்போது கிடைப்பது இரண்டாவது எண். ரேடியேட்டரில் திருகி மாட்டிய விசிறி இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் உழைக்கிறது. நாக்டுவாவின் அந்த விசிறியில் இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அழுத்தப்பட்ட காற்று அந்தச் சந்து வழியே திரும்பி ஓடிவிடாமல் தடுப்பதற்காகவே அத்தனை நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். இதே நியாயத்தால்தான் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்துச் சந்தடைப்பதை நான் மிகவும் சிலாக்கியமாகக் கருதுகிறேன்.

விசிறி எப்பக்கம் ஊதுகிறது என்ற சந்தேகம் புதியவர்களுக்கு எப்போதும் உண்டு. மோட்டாரைத் தாங்கும் நான்கு கரங்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ, அந்தப் பக்கமே பெரும்பாலும் காற்று வெளியேறும். ரேடியேட்டருக்கு முன்னே வைத்துத் தள்ளுவதா, பின்னே வைத்து இழுப்பதா என்று நீண்ட விவாதம் நடப்பதுண்டு. தள்ளுவதில் சிறிது ஆதாயம் உண்டென்றாலும் அது மிகச் சொற்பமே, இழுப்பதிலோ தகடுகளில் படியும் தூசி கண்ணுக்கு நேரே தெரிந்து துடைப்பதற்கு வசதியாகிறது. இருபுறமும் விசிறி வைப்பதை, 60 மில்லிமீட்டர் கனமுள்ள ரேடியேட்டருக்கு நான் ஒப்புக்கொள்வேன். 27 மில்லிமீட்டர்க் கனத்திற்கு அது பெரும்பாலும் ஆடம்பரம்தான்.

ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் அமைப்பவரின் விவேகம் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. கேபினெட்டின் முன்புறத்தில் வைத்து வெளிக்காற்றை உள்ளிழுத்தால் பிராசசருக்குப் புதுக் காற்று கிடைக்கும். ஆனால் அங்கே சூடேறிய காற்றே பிறகு கிராபிக்ஸ் கார்டைச் சென்றடையும். 450 வாட் வரை உண்ணும் ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற கார்டு உள்ளே இருக்கும்போது, ஒருவரின் சுகத்துக்காக மற்றவரை வாட்டுவது நியாயமாகாது. ஆகையால் ரேடியேட்டரை மேல்தளத்தில் வைத்து வெளியேற்றும் மார்க்கமாக்கி, முன்புறத்து மூன்று விசிறிகளால் புதுக் காற்றை வருவித்து, பின்புறத்தில் ஒரு விசிறியால் அதை வழியனுப்புவதே, விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் பயன்படும் கம்ப்யூட்டருக்கு உத்தமமான ஏற்பாடு என்பது என் முடிவு. பிராசசரின் உஷ்ணம் இதனால் சில டிகிரி கூடினாலும் மொத்த வீட்டுக்கும் நன்மையே. இதில் வேறொரு லாபமும் உண்டு: தண்ணீரில் அகப்பட்ட காற்றுக் குமிழ்கள் எப்போதும் உயர்ந்த ஸ்தானத்தையே நாடுமாதலால், ரேடியேட்டர் பம்புக்கு மேலே இருந்தால் அவை அங்கே ஒதுங்கிவிடும், பம்பே உச்சியில் இருந்தால் அதற்குள் புகுந்து இரைச்சலும் தேய்மானமும் உண்டாக்கும்.

முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து, விரலளவு ஓரச் சந்தில் மட்டும் காற்றுக்கு இடம் விட்ட கேபினெட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. உள்ளே எத்தனை நல்ல விசிறி இருந்தாலும், நுழைவாயில் அடைபட்டால் அது வெறும் சுழற்சியாகவே முடியும். நுண்துளை உலோக வலை தோற்றத்தில் எளியதானாலும் அதுவே மேலானது. காற்று எந்தச் சந்தில் நுழைகிறது, எதில் வெளியேறுகிறது என்பதைக் காண, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கேபினெட்டின் வெளியே ஒவ்வொரு சந்தருகிலும் சற்று நேரம் பிடித்தால் புகையே வழி காட்டிவிடும். உள்ளிழுக்கும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுந்திருந்தால், வடிகட்டியில்லாத சந்துகளில் புகை வெளியே தள்ளப்படும். அப்படித் தள்ளப்பட்டால் அவ்வழியே தூசியும் புகாது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசிறியின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும், அழுத்தம் நான்கில் ஒன்றாகும், சத்தமோ சுமார் 15 டெசிபல் தணிந்துவிடும். நிசப்தத்தை விரும்புகிறவர்கள், விசிறியை மெல்ல ஓட்ட இடம் தரும் பெரிய ரேடியேட்டரை நாடுவதன் சூக்ஷ்மம் இதுவே. பிராசசரின் உஷ்ணநிலை க்ஷணத்துக்கு க்ஷணம் தாவுமாதலால், அதை அனுசரித்து விசிறியை ஓட்டினால் அது ஓயாமல் ஏறியிறங்கி மனிதரைத் தொல்லைப்படுத்தும். தண்ணீரின் உஷ்ணநிலை நிதானமாக மாறுவதால், அதை அளக்கும் சென்சார் இருந்தால் அதையே ஆதாரமாகக் கொண்டு வேகத்தை நிர்ணயிப்பது சிறந்தது. இதை நான் இக்கலையின் உயர்ந்த பண்பாகவே மதிக்கிறேன்.

முடித்த வேலையை மதிப்பிட, அரை மணி நேரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டு, தண்ணீரின் உஷ்ணநிலை ஒரே நிலையில் நின்ற பின், அதிலிருந்து அறையின் உஷ்ணநிலையைக் கழித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தாமே குழாய் வளைத்துப் பெரிய அமைப்புச் செய்கிறவர்கள் அந்த வித்தியாசம் பத்து டிகிரிக்குள் அடங்குவதை லட்சியமாகக் கொள்வார்கள். சிறிய தொகுதிகளில் அது கூடுதலாகவே இருக்கும். சில மாதங்கள் கழித்து அதே வேலையில் அந்த வித்தியாசம் கூடியிருந்தால், பெரும்பாலும் காரணம் தூசியே. கம்ப்யூட்டரை அணைத்து, இறக்கைகள் அளவு மீறிச் சுழன்று பேரிங் கெடாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்று வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராக ப்ளோயரால் தகடுகளை ஊதிவிட்டு, மறுபடி அரை மணி ஓட்டி அந்த எண்ணைப் பாருங்கள். பழைய இடத்துக்கு அது திரும்பவில்லையென்றால், பம்பையும் தெர்மல் பேஸ்டையும் சோதிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.