தொலைவிலிருந்து அணையும் விளக்கு

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் இஞ்சின் கொட்டகையிலிருந்து தடதடவென்று ஓசை எழும். லயத்து வீடுகளில் விளக்குகள் ஒன்றாக எரியும். இரவு குறித்த மணி அடித்ததும் இஞ்சின் ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்துவார். எல்லா வீடுகளும் ஒரே நொடியில் இருண்டுவிடும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாய் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்து வருவாள்.

விளக்கு நம் வீட்டில் இருந்தது. அதை அணைக்கும் கையோ வேறோர் இடத்தில் இருந்தது. அந்தக் கைக்கு, நம் வீட்டுப் பிள்ளை இன்னும் இரண்டு பக்கம் படிக்க வேண்டும் என்பது தெரியாது.

காலம் மாறியது. 1949-இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965-இல் தேசிய மின்சார வாரியமான நிறுவனம், 1990 செப்டம்பர் முதல் நாளில் தெனாகா நேஷனல் ஆயிற்று. அதன் கம்பிகள் தோட்டங்களுக்குள்ளும் வந்தன. நம் வீட்டுச் சுவிட்சு நம் கைக்கு வந்தது.

ஆனால், நேயர்களே, தொலைவிலிருந்து விளக்கை அணைக்கும் அந்தக் கை இன்று வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. கோலாலம்பூரிலும் ஷா ஆலமிலும் உள்ள பெரிய அலுவலகங்களிலும் பேரங்காடிகளிலும் அது வேலை செய்கிறது. அங்கே துப்புரவுப் பணியாளராகவும் காவலராகவும் வயர்மேனாகவும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஆகவே அதைப்பற்றி நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் நம் வீட்டுச் சுவரில் உள்ள மெயின் சுவிட்ச் பெட்டியைப் பார்ப்போம். அதில் வரிசையாகச் சிறிய நெம்புகள் இருக்கின்றன. இவற்றைச் சர்க்யூட் பிரேக்கர் என்கிறோம். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாகவே விழுந்து அதைத் துண்டித்துவிடும். இதனுள் இரண்டு காவலர்கள் உண்டு. ஒன்று, இருவகை உலோகங்களைச் சேர்த்துச் செய்த தகடு. கம்பி மெல்ல மெல்லச் சூடேறினால் இது வளைந்து நெம்பை விழச் செய்யும். மற்றொன்று, சிறிய மின்காந்தம். இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டால் கண்ணிமைக்கும் முன்பே இழுத்துவிடும். இவ்வகைச் சிறிய பிரேக்கருக்கு ஜெர்மனி நாட்டில் 1924-இல் காப்புரிமை பெறப்பட்டது.

இந்தப் பிரேக்கர் கம்பியைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. விளக்குகளுக்கு 6 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்க 0.03 ஆம்பியர், அதாவது அதில் 200-இல் ஒரு பங்கு போதும். அவ்வளவு சிறிய மின்சாரத்தை அந்தப் பிரேக்கர் கவனிக்கவே கவனிக்காது. அதற்குத்தான் பெட்டியில் மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்று தனியாக இருக்கிறது. காலையில் பத்துப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட ஆயாக் கொட்டகை ஆயா, மாலையில் ஒன்பது தலைகளே இருந்தால் சும்மா இருப்பாரா? அதுபோலப் போன மின்சாரத்தையும் திரும்பிய மின்சாரத்தையும் இது எண்ணிப் பார்க்கும். குறைந்தால், எங்கோ யாரோ மேனி வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிகிறது என்று அறிந்து உடனே துண்டிக்கும். மனிதரைக் காக்கும் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலோ அதற்கும் குறைவிலோ விழ வேண்டும்.

இனிப் பெரிய கட்டடத்துக்கு வருவோம். இருபது மாடி, ஆயிரக்கணக்கான விளக்குகள். மாலையில் எல்லாரும் போன பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறி அணைக்க யாரால் முடியும்? ஆகவே சில கட்டடங்களில் பிரேக்கருக்குள்ளேயே சிறிய மோட்டார் போன்ற பொறியை வைத்திருக்கிறார்கள். எல்லா மாடிகளின் பெட்டிகளையும் செய்திக் கம்பியால் இணைத்து ஒரு கணினியோடு சேர்த்துவிடுகிறார்கள். பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே பேக்நெட் என்ற பொது மொழி ஒன்று 1995-இல் அமெரிக்காவில் தரமாக வெளியிடப்பட்டது. "மாலை ஏழு மணிக்கு எட்டாம் மாடியை அணை" என்று கணினி சொன்னால், அந்தப் பிரேக்கர் அணைக்கும்.

இதனால் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சமல்ல. யாரும் இல்லாத அறையில் இரவெல்லாம் விளக்கு எரிவது வீண் அல்லவா? புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையம் 2010-இல் கட்டி முடித்த வைர வடிவக் கட்டடம், பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்து மின்விளக்கின் தேவையைக் குறைக்கும்படி அமைந்தது. 2025 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டம், பெரிய கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு மின்சாரக் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பைத் தந்திருக்கிறது. ஆகவே இத்தகைய ஏற்பாடுகள் இனி நம் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கடி படும்.

இங்கே ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து அணைப்பது வசதி. அது பாதுகாப்பு ஆகாது.

தோட்டத்து ஆபீசிலிருந்து கிராணி, "காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திற" என்று உத்தரவு அனுப்பலாம். ஆனால் பாலம் உடைந்திருப்பதைக் கண்டு காவல்காரர் கேட்டை மூடிவிட்டால், யாராவது நேரில் வந்து பாலத்தைப் பார்க்காமல் அதைத் திறக்கலாமா? பிரேக்கரும் அப்படித்தான். ஆபத்தைக் கண்டு தானாக விழுந்துவிட்டால், கணினி சொன்னாலும் அது மீண்டும் ஏறாதபடி அமைக்கிறார்கள். மனிதர் நேரில் சென்று, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கையால் ஏற்ற வேண்டும். செய்திக் கம்பி அறுந்தாலும் அந்தக் காவல் நிற்காது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

இரவில் கட்டடம் துடைக்கும் சகோதரிகளே, விளக்கு ஒருமுறை சிமிட்டினால் பயப்பட வேண்டாம். சில கட்டடங்களில் "அணையப் போகிறேன்" என்று சொல்லும் குறிப்பு அது. நேரத்தை நீட்டிக்கும் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே மேற்பார்வையாளரிடம் கேட்டு வையுங்கள். படிக்கட்டில் எரியும் "கெலுவார்" விளக்கு இந்த நேரக் கணக்குக்கு உட்பட்டதன்று. அது எப்போதும் எரிய வேண்டும். எரியாவிட்டால் சொல்லுங்கள். அது உங்கள் உயிர்வழி.

வயர்மேன் வேலைக்குப் போகும் தம்பிகளே, கணினித் திரையில் "அணைந்தது" என்று காட்டுவதை நம்பிக் கம்பியில் கை வைக்காதீர்கள். திரையில் அணைத்ததைத் திரையிலேயே இன்னொருவர் எரியவிடலாம். நீங்கள் ஏணியில் நிற்பது அவருக்குத் தெரியாது. பிரேக்கரைக் கையால் இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்து, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சோதனைக் கருவியால் தொட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். "ஐந்து நிமிட வேலைதானே" என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களே, மாதம் ஒருமுறை மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே நெம்பு விழுந்தால் காவலாளி விழித்திருக்கிறார் என்று பொருள். விழாவிட்டால், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழையுங்கள். மழை நாளில் நெம்பு திரும்பத் திரும்ப விழுந்தால், குச்சியைக் கொடுத்து நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது தொல்லை கொடுக்கவில்லை. எங்கோ கசிவு இருக்கிறது என்று சொல்லுகிறது.

அன்று இஞ்சின் கொட்டகையில் இருந்தவருக்கு நம் வீட்டுப் பிள்ளையைத் தெரியாது. இன்று கணினிக்கும் ஏணியில் நிற்கும் நம் பிள்ளையைத் தெரியாது. ஆனால் இன்று ஒரு வேறுபாடு உண்டு. பூட்டும் சாவியும் நம் பிள்ளையின் கையில் இருக்கலாம். இன்றிரவு அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, "பூட்டுப் போட்டுத்தான் வேலை செய்கிறாயா?" என்றும் கேளுங்கள்.