வேலை இடத்தில் மனசு நோகுதா?



கடையில, வீட்டு வேலையில முதலாளி அசிங்கமாப் பேசினா, "விடு, வேலை போயிடும்"னு நாமதான் சொல்றோம். நானும் சொன்னவதான். ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசுத் திட்டத்தில் வேலை பார்த்த கிராமத்துப் பெண், 1992-ல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய்க் கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்துதான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும், 2013-ல் சட்டமும் வந்தது. வெறும் திட்டுக்கு இது இல்லை. பாலியல் சீண்டலுக்கு, ஆபாசப் பேச்சுக்கு.

10 பேருக்குக் குறைவான இடம்னா, வீட்டு வேலைன்னாலும், மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் 3 மாசத்துக்குள்ள கொடுக்கணும். காரைக்காலும் மாவட்டம்தானே, கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. எழுத முடியலைன்னா அவங்களே உதவணும். நஷ்டஈட்டுல மன உளைச்சலையும் கணக்கில் எடுக்கணும்.

தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்துல இருந்தவங்க பேரு எல்லாம் அன்னிக்கே நோட்டுல குறிச்சு வையுங்க. எழுத ஆள் வேணும்னா வாங்க. பத்தாவது படிச்சது இதுக்காவது உதவட்டும்.