பாடசாலை ஊழியர் நோயுற்றால் யார் துணை?

(திருகோணமலையில் ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நோய் வருமுன்னர் நோயைப் பற்றிப் பேச நாம் விரும்புவதில்லை. அமங்கலம் என ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் நம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் நம் நோய்க்கென ஒரு தொகை கழிக்கப்படுகின்றது. 'அக்ரஹார' என்னும் ஒரு சொல் சம்பளச் சீட்டில் நிற்கின்றது. அது நமக்கு எதைத் தருகின்றது, எதைத் தரவில்லை என்பதை ஆராய்வது நம் கடமையன்றோ?

அரசாங்க ஊழியர்க்கான இந்த மருத்துவக் காப்புறுதியை, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்தி வருகின்றது. ஊழியர் மட்டுமன்றி அவர்தம் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இதனாற் பயன் பெறுவர். இதன் அடிப்படை நல்லதே. எல்லோரும் சிறிது சிறிதாக இடுவோம், நோயுற்றவர் எடுத்துக்கொள்வார். நம் ஊர்களில் மரண சகாய சங்கம் நடப்பதும் இந்த நீதியின்படியேயாம்.

அந்தச் சங்கத்தை நினைத்துக்கொண்டே பின்னர் வந்த மாற்றத்தைப் பாருங்கள். சாதாரணத் திட்டத்தின் மேல் 'வெள்ளி' என்றும் 'தங்கம்' என்றும் இரு படிகள் வைக்கப்பட்டன. கூடிய சந்தா கட்டுவோர்க்குக் கூடிய உதவி. கேட்பதற்கு இது நியாயம் போலவே தோன்றும். கொடுத்தவன் பெறுகின்றான், இதிற் குறை என்ன என்று சிலர் வினவுவர். குறை உண்டு, தோழர்களே! ஒரே பாடசாலையில் அதிபரும் இருக்கின்றார். விடியற்காலையில் வாயிற்கதவைத் திறக்கும் காவலாளியும் இருக்கின்றார். அதிபரால் மேற்படிக்கு ஏற முடியும். கடனும் வட்டியும் போக எஞ்சிய சம்பளத்தில் அரிசி வாங்கும் சிற்றூழியரால் ஏற முடியுமா? இருவர்க்கும் வரும் இருதய நோய் ஒன்றே. சத்திரசிகிச்சைக்கு ஆகும் செலவும் ஒன்றே. இயன்ற அளவு இட்டு வேண்டிய அளவு பெறுதல் என்பதே கூட்டுக் காப்பின் உயிர். படி வைத்துப் பிரித்தால் அந்த உயிர் போய்விடுகின்றது.

இரண்டாவது குறை, உதவித் தொகையின் உச்சவரம்பு. வரம்பு ரூபாயில் நிற்கின்றது. ரூபாயோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுவில் 360 ரூபாவை எட்டிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பின்னர் பணவீக்கம் தணிந்தது உண்மையே. ஆனால் தணிந்தது விலை ஏறும் வேகமேயன்றி விலையன்று. மருந்தும் கருவிகளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவன. ஆகவே சுற்றுநிருபத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே நம் காப்புறுதி தேய்ந்துவிட முடியும். அறிவித்து வரும் மாற்றத்தை நாம் எதிர்க்கலாம். அறிவியாது வரும் இந்த மாற்றத்தையே நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, நாம் வாழும் இடத்தால் வரும் இடர். முதலில் நீ கட்டு, பிறகு பெற்றுக்கொள் என்பதே இத்திட்டத்தின் பொதுவான நடைமுறை. மூதூரிலோ, ஈச்சிலம்பற்றையிலோ, குச்சவெளியிலோ கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் அவர் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல நேரிடும். வாகனக் கூலி, துணைக்கு வருபவர் தங்கும் செலவு, முற்பணம் யாவும் உடனே வேண்டும். காப்புறுதிப் பணம் வருமுன் காதிலும் கழுத்திலும் இருப்பவை அடகு கடைக்குப் போய்விடுகின்றன. பின்னர் வரும் பணம் வட்டிக்கும் போதாது.

இவ்வளவும் உள்ளே இருப்பவர் துன்பம். வெளியே நிற்பவர் நிலை என்ன? ஆண்டுக்கணக்கில் நம் மாகாணப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் நியமனம் பெறாத தொண்டர் ஆசிரியர்களை நாம் அறிவோம். சிறு கொடுப்பனவுடன் பணிபுரியும் முன்பள்ளி ஆசிரியைகளையும் அறிவோம். சம்பளச் சீட்டே இல்லாதவர்க்குச் சம்பளத்திற் கழிக்கும் காப்புறுதி எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 ஆம் ஆண்டிற் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மக்கள் ஓடியது அரசாங்க வைத்தியசாலைக்கே. அங்கே எவரும் 'நீர் வெள்ளியா, தங்கமா?' என்று கேட்கவில்லை. இலவச வைத்தியமே நம் முதற் காப்புறுதி. தனியார் வைத்தியசாலைக் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தைக் காட்டி, அரசாங்க வைத்தியசாலையின் மருந்துத் தட்டை வெறுமையாக விடுவதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

ஆகவே நாம் கேட்பவை ஐந்து. உச்சவரம்பு விலைவாசியுடன் ஆண்டுதோறும் திருத்தப்படல் வேண்டும். குறைந்த சம்பளத்தாரும் மேற்படியின் பயனைப் பெறுமாறு சந்தா சம்பளத்திற்கு ஏற்ப அமைதல் வேண்டும். பெரிய சிகிச்சைகளுக்கு நிதியமே வைத்தியசாலைக்கு நேராகப் பணம் செலுத்துதல் வேண்டும். தமிழும் ஆட்சிமொழியென 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கையில், படிவமும் பதிலும் தமிழில் வருதல் வேண்டும். நியமனமின்றி உழைப்போரும் காப்பினுள் கொண்டுவரப்படல் வேண்டும்.

கேட்கும் நாமும் நம் பங்கைச் செய்தல் வேண்டும். குடும்ப விபரங்கள் சரியாகப் பதிவாகியுள்ளனவா என இந்த வாரமே பாருங்கள். நோய் நிர்ணய அட்டையையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் பேணி, காலம் தாழ்த்தாது விண்ணப்பியுங்கள். படிவம் நிரப்ப அறியாத சிற்றூழியருக்கு ஆசிரியர் நிரப்பிக் கொடுங்கள். எழுதத் தெரிந்தவர் செய்யக்கூடிய சிறு உதவி இது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவர் இதற்கெனப் பொறுப்பேற்று, மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைக் குறித்து வைத்தால், நாளை நம் கோரிக்கைக்கு அதுவே சான்றாகும்.

நம் துறைமுகத்தில் வெள்ளம் ஏறும்போது கட்டுக்கயிறு நீளாவிட்டால், காக்க வந்த கயிறே ஓடத்தை அமிழ்த்திவிடும். கயிற்றை அறுக்கச் சொல்லவில்லை நாம், நீட்டச் சொல்கின்றோம். எல்லா ஓடங்களுக்கும் ஒரே அளவாய் நீட்டச் சொல்கின்றோம்.