பாதையின் உரிமையும் பொது இடத்து இணையமும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பிற்குரிய பெற்றோர்களே! வாலிப சகோதர, சகோதரிகளே!

பாதைகளில் அமர்வதைத் தவிர்ந்து கொள்ளுமாறு ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஸஹாபாக்களுக்குக் கூறினார்கள். கூடிப் பேசுவதற்குத் தமக்கு வேறு இடமில்லை என ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாத்துக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியனவே அவ்வுரிமைகள் என விளக்கினார்கள். அபூ ஸஈத் அல் குத்ரி (ரழி) அறிவிக்கும் இச்செய்தி புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நபியவர்கள் பாதையை மூடிவிடவில்லை. அதேவேளை, நிபந்தனை எதுவுமின்றி அதனைத் திறந்து விடவுமில்லை. பொது இடங்களில் வழங்கப்படும் இணைய வசதி தொடர்பாகவும் நாம் கைக்கொள்ள வேண்டிய நடுநிலை இதுவேயாகும்.

2000ஆம் ஆண்டுகளில் எமது ஊர்களின் கொமியூனிகேஷன் கடைகளிலும் இன்டர்நெட் கபேக்களிலும் பலகைத் தடுப்புகளுக்குள் கணினிகள் வைக்கப்பட்டிருந்தன. வெளிநாடு சென்ற தந்தையோடு பேசவும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும் பிள்ளைகள் அங்கு சென்றார்கள். தடுப்புக்குப் பின்னால் வேறு எவற்றைப் பார்த்தார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான். இன்று அப்பலகைத் தடுப்பு கையடக்கத் தொலைபேசியாகச் சுருங்கிவிட்டது. உணவகத்திலோ கடையிலோ வைஃபையின் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், வாசற்படியில் அமர்ந்தவாறே உலகின் எந்த மூலைக்கும் சென்று வருகிறான்.

'நான் விற்பது தேநீர். வாடிக்கையாளர் எதைப் பார்க்கிறார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்ட விடயம்' என்று கடை உரிமையாளர் ஒருவர் கூறக்கூடும். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. எனினும் தனது கூரையின் கீழ், தனது இணைப்பின் மூலம் நடப்பவற்றுக்கு அவரும் பொறுப்பாளியே. ஒவ்வொருவரும் தமது பொறுப்பிலுள்ளவை பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

எமது நாட்டுச் சட்டமும் இப்பொறுப்பின் ஒரு பகுதியை எழுத்தில் வைத்துள்ளது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவையில் 286ஆ எனும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி மூலம் சேவை வழங்குபவர், அவ்வசதி சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகக் குற்றத்திற்குப் பயன்படாதிருக்கத் தேவையான நடவடிக்கைகளை எடுத்தல் வேண்டும். அவ்வாறு பயன்படுவதை அறிந்தால் பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும் என அது கூறுகிறது. மீறுபவருக்கு இரண்டு வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும்.

அயல்நாடான இந்தியா 2011இல் இணைய நிலையங்களுக்கென விதிகளை வெளியிட்டது. தடுப்புகள் நாலரை அடி உயரத்தைத் தாண்டலாகாது. பாதுகாவலர் உடனில்லாத சிறுவரைத் தடுப்புக்குள் அமர்த்தலாகாது என அவை கூறுகின்றன. ஆபாசத் தளங்களைத் தவிர்க்கும் வடிகட்டி மென்பொருளைப் பொருத்தவும் வழிகாட்டுகின்றன. பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு முதல், பொது வைஃபையை வடிகட்டும் கடைகளுக்கு 'ஃப்ரெண்ட்லி வைஃபை' எனும் சான்று வழங்கப்படுகிறது. அமெரிக்கக் கிளைகளில் ஆபாசத் தளங்களைத் தடுத்துள்ளதாக மெக்டொனால்ட்ஸ் 2016இல் அறிவித்தது. தாமும் அவ்வாறு செய்யவிருப்பதாக ஸ்டார்பக்ஸ் 2018இல் கூறியது. அந்நிறுவனங்களின் ஏனைய போக்குகள் குறித்து எமக்குப் பல விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால், இலாபத்தையே குறியாகக் கொண்டவர்களே, குடும்பங்கள் வந்தமரும் இடத்தில் இதனை அவசியம் எனக் கண்டார்களென்றால், ஹலால், ஹராம் பேணும் வியாபாரி எவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும்!

அன்பானவர்களே! வடிகட்ட வேண்டும் என்று கூறுவதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. எதனை, எந்த அளவுக்கு வடிகட்டுவது என்பதில்தான் நீதி தங்கியுள்ளது.

1996இல் ஆங்கிலேய நகரமான ஸ்கந்தோர்ப்பில் வாழ்ந்தோர், ஏஓஎல் நிறுவனத்தின் இணையச் சேவையில் பதிவு செய்ய முடியாமல் திண்டாடினர். அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளுக்குள் ஓர் ஆபாசச் சொல் ஒளிந்திருப்பதாக வடிகட்டி கருதியதே காரணம். இதே குருட்டுத்தனத்தினால் மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவப் பக்கமும் தடைப்படலாம். தனது உடல்நலம் பற்றி அறிய விரும்பும் ஒரு சகோதரி, கல்லாவில் இருப்பவரிடம் சென்று 'இதைத் திறந்து விடுங்கள்' எனக் கேட்பாரா? வெட்கத்தினால் வாய்மூடித் திரும்பிவிடுவார். அவரது நோய் திரும்பாது.

அளவு மீறிய தடையின் விளைவை 2018 மார்ச்சில் நாமே அனுபவித்தோம். பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாக ஒரு முஸ்லிம் உணவகத்தின் மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அப்பொய் சமூக ஊடகங்களில் பரவியது. அதனைத் தொடர்ந்து கண்டியில் வன்முறை மூண்டபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் சில நாட்கள் முடக்கியது. வீபிஎன் அறிந்தவர்கள் தடையைத் தாண்டினார்கள். அறியாத தாய்மார்களோ, தூரத்துப் பிள்ளைகளின் நலம் விசாரிக்க வட்ஸ்அப் இன்றித் தவித்தார்கள்.

ஆகவே வடிகட்டல் குறுகியதாக அமைதல் வேண்டும். ஆபாசத் தளங்களும் சூதாட்டத் தளங்களும் தடுக்கப்படட்டும். செய்தி, மருத்துவம், கல்வி, அரசியல் கருத்து, மார்க்கத்தில் எமக்கு உடன்பாடற்ற கருத்து ஆகியவற்றில் கடைக்காரர் கைவைக்கலாகாது.

இன்னுமோர் எல்லையும் உண்டு. வடிகட்டல் வேறு, வேவு பார்த்தல் வேறு. துருவித் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடை செய்கிறது. தீமையைத் தடுப்பவர் பற்றி 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பேசும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அத்தீமை வேவு பார்க்காமலேயே வெளிப்படையாகத் தெரிவதாக இருக்க வேண்டுமென நிபந்தனை இடுகிறார்கள். எனவே வாசலில் கதவிடும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. இன்னாருடைய மகன் இன்னதைத் தேடினான் எனக் குறித்து வைத்து ஊரில் பரப்பும் உரிமை அவருக்கு இல்லை. ஒரு வாலிபனின் மானத்தைச் சந்தியில் வைத்து உடைத்துவிட்டு, அவனைத் திருத்திவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சிலவே. ரவுட்டரின் டிஎன்எஸ் இலக்கத்தை மாற்றினால், கட்டணமின்றியே ஆபாசத் தளங்களைத் தடுக்கும் சேவைகள் உள்ளன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய 1.1.1.3 எனும் இலக்கம் அத்தகையது. அடுத்து, இங்கு வழங்கப்படும் இணையம் வடிகட்டப்படுகிறது என ஓர் அறிவித்தல் பலகை தொங்கவிடுங்கள். தவறுதலாகத் தடைப்பட்ட தளத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போட ஒரு சிறு பெட்டி வையுங்கள். கடையில் கணினி இருப்பின், திரையைத் திறந்த பக்கம் நோக்கித் திருப்பி வையுங்கள்.

பெற்றோர்களே! கடைக்காரரின் வடிகட்டி அவரது வாசல் வரைதான். பிள்ளையின் தொலைபேசியில் டேட்டா இருக்குமாயின் அவ்வடிகட்டி அதனை அணுகாது. மகனிடம் வாப்பாவும் மகளிடம் உம்மாவும் மனம் திறந்து பேசுங்கள். தவறிப்போய் எதையாவது கண்டுவிட்ட பிள்ளை, அடிக்கு அஞ்சாமல் உங்களிடமே வந்து சொல்லும் நிலையை வீட்டில் உருவாக்குங்கள்.

வாலிபர்களே! வீபிஎன் மூலம் கடைக்காரரைத் தாண்டிவிடலாம். பார்வையின் கள்ளத்தனத்தையும் உள்ளம் மறைப்பதையும் அறிந்தவனைத் தாண்ட எந்த மென்பொருளும் இல்லை. வெளியிலுள்ள வடிகட்டி உங்களுக்குச் சற்று அவகாசம் மாத்திரமே தரும். அந்த அவகாசத்தில் பார்வையைத் தாழ்த்துவது உங்கள் பொறுப்பு.

பாதையின் உரிமையைப் பேணிய கூட்டத்தில் அல்லாஹ் எம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! எமது பிள்ளைகளின் பார்வையையும் மானத்தையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.